மிளகாய்க்குப் போய் உப்பைப் பார்த்து வந்தோம்: ஏவரி ஐலண்ட் டபாஸ்கோ ஆலை

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். போகலாம், கண்டிப்பாகப் போகலாம். ஏவரி ஐலண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருக்கிறது, ஹூஸ்டனிலிருந்து நாலு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் டபாஸ்கோ என்ற மிளகாய்ச் சாறு தயாராகும் ஆலை என்று மட்டும் நினைத்துப் போனால் பாதியைத்தான் பார்த்து வருவீர்கள். அந்த இடத்தின் பெரிய விஷயம் காலுக்கு அடியில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். பேர்லாண்ட் மீனாட்சி கோயில், நாசா, கால்வெஸ்டன் கடற்கரை எல்லாம் மூன்றாவது வாரமே முடிந்துவிட்டன. அவர் தூத்துக்குடிப் பக்கம் ஓர் உப்பளத்தில் 31 வருஷம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். கணக்கு எழுதுவதோடு நிற்காமல், பாத்தி பாத்தியாகப் போய் டிகிரி, அதாவது உப்புநீர் எவ்வளவு அடர்த்தி என்று, பார்ப்பதும் அவர்தான். நான் செய்யும் வேலையும் ஒரு வகையில் உப்பு வேலைதான். கடலில் கப்பலிலிருந்து ஒலி அலையை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்துக் கடல்தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று படம் வரைகிறோம். மெக்சிகோ வளைகுடாவில் இந்த வேலை பார்ப்பவர்கள் ஒரு நாளில் அதிகம் உச்சரிக்கும் சொல் ‘சால்ட்’. உப்பின் மேல்விளிம்பு எங்கே, அடிவிளிம்பு எங்கே என்று தேடுவதிலேயே மாதங்கள் போகும். ஒலி உப்புக்குள் நொடிக்கு ஏறக்குறைய 4,500 மீட்டர் வேகத்தில் பாயும். சுற்றியிருக்கும் மண் படிவுகளில் அதைவிட வெகு மெதுவாகத்தான் போகும். அதனால் உப்புக்குக் கீழே இருப்பதெல்லாம் தடித்த பாட்டில் அடி வழியாகப் பார்ப்பதுபோல் கோணலாகத் தெரியும். அதை நேராக்குவதுதான் என் சம்பளம். 11 வருஷமாகத் திரையில் நான் கோடு போட்டுக்கொண்டிருக்கும் அந்த உப்பு, நிலத்திலேயே மேலே எட்டிப்பார்க்கும் இடம் ஏவரி ஐலண்ட். அப்பா வந்ததால்தான் எனக்கும் போக வாய்த்தது.

ஐ-10 சாலையில் கிழக்கே போனால் வழியில் போமாண்ட் வரும். 1901 ஜனவரி 10 அன்று ஸ்பிண்டில்டாப் கிணற்றில் எண்ணெய் பீறிட்டு அடித்த ஊர். அந்தக் கிணறு தோண்டக் காரணமாக இருந்த அந்தோணி லூக்காஸ் என்ற பொறியாளர் அதற்கு முன்பு லூசியானாவின் உப்புச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். தரைக்கு அடியில் உப்பு குன்றுபோல் எழுந்திருந்தால் அதை ஒட்டி எண்ணெயும் வாயுவும் தங்கியிருக்கலாம் என்று அவர் பிடிவாதமாக நம்பினார். காரில் இதைச் சொன்னபோது அப்பா, “உப்புக்காரன் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார்.

லஃபாயெட்டில் தெற்கே திரும்பினால் கரும்பு வயல்கள், அப்புறம் சதுப்பு நிலம். கண்ணுக்கு எட்டிய வரை தட்டையான பூமி. அதில் திடீரென்று ஒரு மேடு. கடல் மட்டத்திலிருந்து 163 அடி உயரம் என்கிறார்கள், கிட்டத்தட்ட 50 மீட்டர். நம் ஊரில் அதை மலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சுற்றிலும் சேறும் ஓடையும் இருப்பதால்தான் தீவு என்ற பெயர். மற்றபடி கடலுக்கு நடுவே இருக்கும் தீவு இல்லை இது. இந்த வட்டாரத்தில் இப்படி ஐந்து மேடுகள் வரிசையாக இருக்கின்றன. ஐந்துக்கும் அடியில் இருப்பது உப்பு.

இந்த உப்பு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுமார் 16, 17 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, கண்டங்கள் பிரிந்துகொண்டிருந்த காலத்தில், இன்றைய மெக்சிகோ வளைகுடா ஒரு பெரிய பள்ளம். அதற்குள் கடல்நீர் வந்து வற்றியது. மறுபடி வந்து வற்றியது. 1,000 மீட்டர் ஆழத்துக்குக் கடல்நீர் நின்று முழுவதும் காய்ந்தாலும் 15 மீட்டர் அளவுக்குத்தான் உப்பு கிடைக்கும். வளைகுடாவிலோ உப்பு சில இடங்களில் கிலோமீட்டர் கணக்கில் தடித்திருக்கிறது. லூவான் உப்பு என்று அதற்குப் பெயர். எத்தனை முறை நீர் வந்திருக்க வேண்டும் என்று நான் கேட்பதற்குள் அப்பாவே, “தண்ணி கட்டிக்கிட்டே இருந்திருக்கணும்” என்றார். பாத்திக்குத் தண்ணீர் கட்டும் அதே கணக்கு. அவர் இன்னொன்றும் கேட்டார்: “அடியில ஜிப்சம் இருக்குமே?” கடல்நீர் 3 டிகிரியில் வரும், 13 தாண்டும்போது ஜிப்சம் படிய ஆரம்பிக்கும், 25 வந்தால்தான் உப்பு விழும் என்பது உப்பளத்தில் எழுத்துப் படிக்காதவருக்கும் தெரிந்த பாடம். இந்த உப்புக் குன்றுகளின் உச்சியிலும் உப்போடு வந்த ஜிப்சம் இனக் கல்தான் தொப்பிபோல் தங்கியிருக்கிறது. நான் கல்லூரியில் ஒரு பருவம் முழுக்கப் படித்ததை அவர் காரில் உட்கார்ந்தே கேட்டுவிட்டார்.

அந்த உப்பின் மேல் ஆறுகள் கொண்டுவந்த மண் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் குவிந்தது. மண் இறுக இறுக உப்பைவிடக் கனமாகிவிட்டது. உப்பு மட்டும் இறுகுவதில்லை. அழுத்தம் தாங்காமல் மெல்ல மெல்ல ஒழுகத் தொடங்கும். வயல் சேற்றில் காலை ஊன்றினால் விரல் இடுக்கில் சேறு பிதுங்கி மேலே வருமே, அதேதான். ஏவரி ஐலண்டில் அப்படிப் பிதுங்கி வந்த உப்புத்தூண் எவரெஸ்ட் உயரத்தைவிட ஆழமாகக் கீழே இறங்குகிறது என்று சொல்கிறார்கள். உச்சியோ தரைக்கு மிக அருகில். 1862-இல் இங்கே உப்பூற்றை ஆழப்படுத்தத் தோண்டியவர்கள் 16 அடியிலேயே கெட்டியான பாறை உப்பை முட்டினார்கள். அப்போது உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. தெற்குப் படைக்கு உப்பு இங்கிருந்து போனது. மறுவருஷம் வடக்குப் படை வந்து உப்பு ஆலையை அழித்துவிட்டது. எட்மண்ட் மெக்கில்ஹென்னி மிளகாய்ச் சாறு விற்கத் தொடங்கியது அதற்குப் பின்னால்தான், 1868-இல். மிளகாய்க்கு முன்பே உப்பு.

இப்போது ஆலைக்கு வருகிறேன். வழிகாட்டி யாரும் கூட வருவதில்லை. சீட்டு வாங்கிக்கொண்டு, கட்டடம் கட்டடமாக நாமே நடந்து பார்க்க வேண்டும். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இது பெரிய வசதி. அப்பா தன் வேகத்துக்கு நின்று நின்று பார்த்தார், யாரும் அவசரப்படுத்தவில்லை. அருங்காட்சியகம் நன்றாக இருக்கிறது. பழைய குப்பிகள், குடும்பப் படங்கள் என்று பொறுமையாகப் படித்தால் முக்கால் மணி நேரம் ஆகும். செடிக் கூடத்தில் இருக்கும் டபாஸ்கோ மிளகாய் நம்முடைய காந்தாரி மிளகாயின் இனம்தான். வானத்தைப் பார்த்து நிமிர்ந்து காய்க்கும். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மாறிக் கடைசியில் சிவக்கும். பறிக்கும் பருவம் சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்கச் சிவப்புச் சாயம் பூசிய ஒரு சின்னக் குச்சியை வைத்திருப்பார்களாம். எனக்குப் பிடித்த தகவல் அது.

ஆனால் நீங்கள் நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் பீப்பாய்க் கூடம். கதவைத் தாண்டியதும் மூக்கில் ஏறும். புளித்த மிளகாயும் பழைய மரமும் கலந்த வாடை. இரண்டு முறை தும்மியபிறகுதான் கண்ணைத் திறந்து பார்க்க முடிந்தது. மிளகாயைப் பறித்த அன்றே உப்போடு சேர்த்து அரைத்து, விஸ்கி வைத்திருந்த வெள்ளை ஓக் மரப் பீப்பாய்களில் அடைத்து, மூன்று ஆண்டு வரை ஊற வைக்கிறார்கள். சேர்மானம் மூன்றே மூன்று: மிளகாய், உப்பு, வினிகர். பீப்பாயின் மூடியில் சின்னச் சின்னத் துளைகள் போட்டிருக்கும். மூடிக்கு மேல் உப்பைக் கொட்டிப் பரப்பிவிடுவார்கள். உள்ளே விழுது நொதித்துப் பொங்கும்போது வாயு துளை வழியாக வெளியே வரும். ஈரம் பட்ட உப்பு இறுகிக் கெட்டியான ஓடாகிவிடும். உள்ளிருக்கும் வாயு கசிந்து வெளியேறும். வெளிக்காற்று உள்ளே போகாது.

அந்த உப்பு மூடியை நான் வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுக்கு வெள்ளை நிறம். விளிம்பில் மிளகாய்ச் சாறு ஊறிய பழுப்பு வளையம். நடுவே தெப்பக்குளம் காய்ந்தால் தெரியுமே, அதுபோல மெல்லிய வெடிப்புகள். திரையில் நான் பார்ப்பதும் இதைத்தான். கடல்தரைக்குக் கீழே உப்பு ஒரு மூடி மாதிரி படுத்திருக்கிறது. அதன் வழியாக எண்ணெயோ வாயுவோ எளிதில் ஊடுருவ முடியாது. அதனால் அடியில் பல கோடி ஆண்டுகளாகத் தேங்கி நிற்கிறது. 1993-இல்தான் வளைகுடாவில் உப்புப் படலத்தைத் துளைத்துக் கீழே போய், எடுத்து விற்கும் அளவுக்கு எண்ணெய் இருப்பதை முதன்முதலாகக் கண்டார்கள். அதுவரை உப்பைத் தொட்டதும் இதற்கு மேல் தேடிப் பயனில்லை என்று திரும்பிவிடுவது வழக்கம். அப்பாவிடம் பீப்பாயைக் காட்டி, “என் வேலை இதுதான்ப்பா. மூடியைத் திறக்காம உள்ள என்ன இருக்குன்னு சொல்லணும்” என்றேன். 11 வருஷத்தில் என் வேலை என்னவென்று அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னது அன்றைக்குத்தான்.

உப்புச் சுரங்கத்தின் மாதிரி ஒன்றும் பார்வைப் பட்டியலில் இருக்கிறது. பலர் எட்டிப்பார்த்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறார்கள். நில்லுங்கள். உண்மையான சுரங்கத்துக்குள் போய்ப் பார்க்க வழியில்லை. 2020 டிசம்பரில் அங்கே கூரை சரிந்து இரண்டு தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். அதன்பிறகு உப்பு வெட்டும் வேலை திரும்பத் தொடங்கவில்லை. 1862-இல் ஆரம்பித்த கதை அப்படி நின்றது. அப்பா அந்த மாதிரிக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உப்பளத்தில் வேலை தொடங்கும்போது அவர்கள் செய்வது அது.

மதியம் அங்கேயே இருக்கும் 1868 என்ற உணவகத்தில் சாப்பிட்டோம். நான் க்ராஃபிஷ் எட்டூஃபே வாங்கினேன். சின்ன நன்னீர் இறால் மாதிரி ஒன்றை வெண்ணெய்க் குழம்பில் போட்டுச் சோற்றின் மேல் ஊற்றித் தருவது. நம் நாக்குக்குக் காரம் போதாது, ஆனால் மேசையில் டபாஸ்கோ வகைகள் எல்லாம் வரிசையாக நிற்கின்றன, வேண்டியதை ஊற்றிக்கொள்ளலாம். அப்பாவுக்குச் சிவப்பு பீன்ஸும் சோறும். ரசித்துச் சாப்பிட்டார். ஹபனேரோ வகை மட்டும் ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம்.

அந்த மேசையில்தான் கடலடி உப்புக் குளங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. இந்த இடத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் ஆசைப்படுவது அதைத்தான். ஏவரி ஐலண்டின் அடியில் இருக்கும் அதே லூவான் உப்பு தெற்கே வளைகுடாவின் அடியிலும் விரிந்து கிடக்கிறது. அங்கேயும் அது பிதுங்கி மேலே வருகிறது. கடல்தரையை நெருங்கும் இடத்தில் கடல்நீர் பட்டு உப்பு கரையும். கரைந்த நீர் மிகவும் கனமானது, மேலே ஏறாது. வழிந்தோடிப் பள்ளத்தில் தங்கும். கடலுக்கு அடியில் ஒரு குளம். அதற்குக் கரை உண்டு, நீர்மட்டம் உண்டு. நீர்மூழ்கி வண்டி அதன் மேல் உரசினால் அலைகூட எழும்பும். குளத்துக்குள் மூழ்க முடியாமல் வண்டி மிதக்கும்.

லூசியானாவுக்குத் தெற்கே 650 மீட்டர் ஆழத்தில் இருக்கும் ஒரு குளத்தைச் சுற்றிச் சிப்பிகள் கரை கட்டியதுபோல் நெருக்கமாக வளர்ந்திருக்கின்றன. உப்புநீரோடு சேர்ந்து மீத்தேன் வாயு கசிகிறது. சிப்பிகளின் செவுளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அந்த மீத்தேனை உண்டு சிப்பிக்கும் உணவு தருகின்றன. சூரியனே தேவைப்படாத சாப்பாடு. ஆனால் ஒரு நண்டு கரை தவறிக் குளத்துக்குள் போனால் திரும்பாது. உள்ளே உயிர்க்காற்று இல்லை; செத்தாலும் சீக்கிரம் அழுகாமல் அப்படியே கிடக்கும். இன்னும் தள்ளி, 2,400 மீட்டர் ஆழத்தில், ஆர்கா என்ற பள்ளம் இருக்கிறது. 100 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு, 200 மீட்டர் அளவுக்கு உப்புநீர் நிற்கிறது. சாதாரணக் கடல்நீரைவிட ஏழு மடங்குக்கு மேல் உப்பு.

நான் தண்ணீர் டம்ளரை எடுத்து உப்பு கலந்து காட்டலாம் என்று பார்த்தேன். அப்பா தடுத்துவிட்டார். “ஏம்மா, இது பாத்தியில மழை பெஞ்ச மாதிரில்லா இருக்கு” என்றார். எனக்கு ஒரு நொடி புரியவில்லை. அவர் விளக்கினார். உப்பு விழப்போகும் சமயத்தில் திடீர் மழை பெய்தால் மழைத் தண்ணீர் உடனே கலந்துவிடாது. காற்று அடிக்காமல் இருந்தால் மேலே தனியாக நிற்கும். கீழே கெட்டிக் கரைசல் அசையாமல் கிடக்கும். விடியுமுன் போய் வரப்பில் மேல்மட்டத்தில் மட்டும் மெல்ல வெட்டிவிட்டு நல்ல தண்ணீரை வடித்துவிடுவார்கள். மண்வெட்டி ஒரு விரல் ஆழம் தப்பினாலும் கீழே இருக்கும் கரைசலும் சேர்ந்து ஓடிவிடும். ஒரு மாத உழைப்பு. “ராத்திரி டார்ச் அடிச்சுப் பார்த்தா ரெண்டு தண்ணிக்கும் நடுவுல கோடு தெரியும், எண்ணெய் மிதந்த மாதிரி நெளியும்” என்றார். கடலடிக் குளத்தின் படங்களில் அந்த நெளியும் கோட்டைத்தான் எல்லோரும் வியந்து பார்க்கிறார்கள். அப்புறம் அவர் கேட்ட ஒரே கேள்வி, அந்த ஆர்கா பள்ளத்து நீர் எத்தனை டிகிரி என்பது. மடங்குக் கணக்கைத் திரும்பச் சொன்னேன். விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, “இருபது தாண்டியிருக்கும். உப்பு விழ இன்னும் கொஞ்சம்தான். வெயில்தான் கிடையாது” என்றார்.

சாப்பிட்டபிறகு ஜங்கிள் கார்டன்ஸ். 170 ஏக்கர் தோட்டம், காரிலேயே சுற்றலாம். கிளைகளில் பாசி தாடிபோல் தொங்கும் ஓக் மரங்கள், குளக்கரையில் முதலைகள், கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு பழைய புத்தர் சிலை. தொப்பியில் செருகும் இறகுக்காக வேட்டையாடி அழித்துக்கொண்டிருந்த வெண்கொக்குகளை 1895-இல் ஒரு சில குஞ்சுகளிலிருந்து இங்கே காப்பாற்றி வளர்த்திருக்கிறார்கள். அந்தப் பறவைகள் கூடு கட்டும் மேடையை வசந்த காலத்தில் பார்க்க வேண்டும். நாங்கள் மார்ச் மாதம் போனதால் பார்த்தோம். கோடையில் போகாதீர்கள். கொசுவும் புழுக்கமும் தாங்காது.

நேரம் இருந்தால் பக்கத்து மேடான ஜெஃபர்சன் ஐலண்டுக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். பென்யோர் ஏரி அங்கேதான் இருக்கிறது. ஆழமே இல்லாத ஏரியாக இருந்தது. 1980 நவம்பர் 20 அன்று எண்ணெய் தேடித் துளையிட்ட கருவி ஏரிக்கு அடியில் இருந்த உப்புச் சுரங்கத்தைக் குத்திவிட்டது. நீர் உள்ளே பாயப் பாய உப்பு கரைந்து ஓட்டை பெரிதாகிக்கொண்டே போனது. துளைமேடையும் 11 படகுகளும் சுழலில் உள்ளே போயின. கடலுக்குப் போகும் கால்வாய் திசை மாறி ஏரிக்குள் ஓடியது. சுரங்கத்தில் இருந்த 55 பேரும் உயிரோடு வெளியே வந்துவிட்டார்கள். இன்றைக்குப் பார்த்தால் அமைதியான நீர். கரையில் நின்று அப்பா ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் துப்பிவிட்டு, “லேசா கரிக்குது” என்றார்.

சில நடைமுறை விஷயங்கள். ஆலைக்கும் தோட்டத்துக்கும் தனித்தனியாகவும் சேர்த்தும் சீட்டு வாங்கலாம். இரண்டும் பார்க்கச் சேர்த்து வாங்குவது நல்லது. காலையில் சீக்கிரம் போனால் ஆலை, மதியச் சாப்பாடு, தோட்டம் மூன்றும் ஒரே நாளில் முடியும். ஒரே நாளில் போய்த் திரும்புவது பெரியவர்களுக்குச் சிரமம். நாங்கள் சாலையோர விடுதி ஒன்றில் தங்கினோம். அறையில் ஈர வாடை தாங்காமல் நள்ளிரவில் வேறு அறை கேட்டு மாற வேண்டியதாயிற்று. லஃபாயெட்டில் முன்கூட்டியே நல்ல அறையாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் பீப்பாய்க் கூடத்தில் கவனம். கடையில் ஊருக்குக் கொடுக்க விரல் நீளக் குப்பிகள் கிடைக்கும். அப்பா உப்பளத்துச் சிநேகிதர்களுக்காக 24 வாங்கினார். கிளம்புவதற்கு முன் இன்னொரு முறை பீப்பாய்க் கூடத்துக்குப் போக வேண்டும் என்றார். இரண்டாவது முறை தும்மல் வரவில்லை. அந்த உப்பு மூடியை அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டே குனிந்து பார்த்து, “கல் உப்பு இல்ல, பொடி உப்பாத்தான் போட்டிருக்கான், அதான் இப்படி இறுகியிருக்கு” என்று எனக்குச் சொன்னார்.